அதிர்ச்சி அலையும் சுழல் வளையமும்

இரும்புக் குழாயில் கருமருந்தை இட்டுக் கெட்டித்து, திரி வைத்துப் போடும் அதிர்வேட்டு தமிழ்நாட்டுக் கோயில் திருவிழாக்களில் நெடுங்கால வழக்கம். வேட்டு வெடிக்கும் கணத்தில் குழாயின் வாயிலிருந்து இரண்டு வெளிப்படுகின்றன. முதலாவது கண்ணுக்குத் தெரியாதது. காதையும் நெஞ்சையும் தாக்கிவிட்டுப் போய்விடும். அது அதிர்ச்சி அலை. இரண்டாவது, காற்று அசையாத விடியற்காலையில் நன்றாகத் தெரியும்: புகை ஒரு வளையமாகச் சுருண்டு, வடிவம் கலையாமல் மேலே ஏறிச் செல்லும். அது சுழல் வளையம். இரண்டும் ஒரே வெடிப்பில் பிறந்தவை. ஆயினும் ஒன்று அழுத்தத்தால் ஆனது, நொடியின் சிறு பங்கில் கடந்துபோவது. மற்றது சுழற்சியால் ஆனது, மெல்ல நகர்ந்து நெடுநேரம் நிலைப்பது. பிரிந்த இவ்விரண்டும் மறுபடி எதிர்ப்பட்டால் என்ன நிகழும் என்ற கேள்வி, பாய்ம இயக்கவியலில் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராயப்பட்டு வருகிறது. ஜெட் விமானத்தின் இரைச்சல், ஸ்கிராம்ஜெட் எஞ்சினில் எரிபொருள் கலத்தல், சிறுநீரகக் கல்லை உடைக்கும் மருத்துவம் ஆகிய மூன்றிலும் இந்தச் சந்திப்பு நடக்கிறது.

நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கொல்லிமலை, இந்த நிகழ்வைக் கணக்கிட்டுப் பார்ப்பதற்கு நல்ல களம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் மேல்தளம், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவு. கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் என்றால் அங்கே 88. ஒலியின் வேகம் அழுத்தத்தைப் பொறுத்ததன்று, வெப்பநிலையைப் பொறுத்தது. ஆகவே 20 டிகிரி செல்சியஸில் நாமக்கல்லிலும் கொல்லிமலை மேல்தளத்துச் செம்மேட்டிலும் ஒலி நொடிக்கு 343 மீட்டர்தான் செல்லும். அதிர்ச்சி அலையின் கதை அப்படியன்று. அதன் வேகம், பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. ஒலியைப் போல் 1.2 மடங்கு வேகத்தில், அதாவது மாக் எண் 1.2-இல் ஓர் அதிர்ச்சி அலை செல்ல, அதன் பின்னால் அழுத்தம் ஏறத்தாழ 51 விழுக்காடு கூடியிருக்க வேண்டும். கடற்கரையில் அதற்கு 52 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தம் தேவை. கொல்லிமலை மேல்தளத்தில் 45 போதும். ஒரே அளவு கூடுதல் அழுத்தத்தை எழுப்பும் வேட்டு மலைமேல் சற்றே வேகமான அதிர்ச்சி அலையைக் கிளப்பும்.

அதிர்ச்சி அலை என்பது உரத்த ஒலி மட்டுமன்று. சாதாரண ஒலியில் அழுத்தம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஒலி வலுக்கும்போது அலையின் அழுத்தம் மிகுந்த பகுதி சூடேறி, முன்னால் உள்ள பகுதியைவிட வேகமாக நகர்ந்து அதை எட்டிப் பிடிக்கிறது. அலையின் முகப்பு செங்குத்தாகிக்கொண்டே போய், இறுதியில் அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலை மூன்றும் ஒரே மெல்லிய தளத்தில் எகிறிக் குதிக்கின்றன. அந்தத் தளத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. தளத்தைக் கடந்த காற்று வெப்பமடைவதோடு நிற்பதில்லை. அலை போகும் திசையிலேயே தள்ளப்பட்டு ஓடத் தொடங்குகிறது. மாக் 1.1 அலையின் பின்னால் காற்று நொடிக்கு ஏறத்தாழ 55 மீட்டர் வேகத்திலும், மாக் 1.3 அலையின் பின்னால் ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்திலும் ஓடும். இந்த ஓட்டம்தான் சுழல் வளையத்துக்குக் கரு.

1870-இல் ரேங்கினும் 1880-களில் ஹூகோனியோவும் இந்தத் தாவலின் கணக்கை வகுத்தார்கள். கண்ணால் காணும் வழியை அதற்கு முன்பே ஆகஸ்ட் டோப்ளர் கண்டுபிடித்திருந்தார். அடர்த்தி மாறும் இடத்தில் ஒளி சற்றே வளையும் என்பதைப் பயன்படுத்தி, காற்றின் அடர்த்தி வேறுபாட்டை நிழலும் ஒளியுமாகக் காட்டும் ஷ்லீரன் முறை அது. அந்த முறையில்தான் 1880-களின் பிற்பகுதியில் எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ச்சரும் பறக்கும் துப்பாக்கிக் குண்டின் முன்னே நிற்கும் அதிர்ச்சி அலையைப் படமெடுத்தனர். 1899-இல் பிரான்சில் பால் வியேய் அதிர்ச்சிக் குழாயை அமைத்தார். ஒரு நீண்ட குழாய். நடுவே ஒரு மென்தகடு. ஒரு பக்கம் உயர் அழுத்த வாயு, மறுபக்கம் சாதாரணக் காற்று. தகடு கிழிந்தால் குழாய்க்குள் சுத்தமான, தட்டையான அதிர்ச்சி அலை ஓடும். இன்றைய ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படைக் கருவி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே. பி. ஜே. ரெட்டி இதைச் சுருக்கி, கையால் உந்துதண்டைத் தள்ளியே அதிர்ச்சி அலை எழுப்பும் சிறு குழாயை உருவாக்கினார். வெடிமருந்தும் உயர் அழுத்த வாயு உருளையும் இல்லாமல் ஒரு பள்ளிக்கூட மேசைமேல் அதிர்ச்சி அலையைக் காட்ட முடிகிறது என்பது சிறிய சாதனையன்று.

இனி வளையம். அதன் வடிவம் உளுந்து வடையின் வடிவம். வடையின் உடல் நெடுகக் காற்று உள்ளிருந்து வெளியாகப் புரண்டுகொண்டே இருக்கிறது: துளையின் வழியே முன்னோக்கிப் பாய்ந்து, வெளிப்புறமாகச் சுற்றிப் பின்னோக்கி வந்து, மறுபடி துளைக்குள் நுழைகிறது. வளையத்தின் ஒவ்வொரு பகுதியின் சுழற்சியும் எதிர்ப்பக்கத்துப் பகுதியை முன்னே தள்ளுவதால், வெளியிலிருந்து உந்துதல் எதுவும் இல்லாமலே வளையம் தன் அச்சின் வழியே நகர்கிறது. 1858-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுழல்களின் விதிகளை எழுதினார். உராய்வற்ற பாய்மத்தில் சுழல் அழியாது, பிறக்கவும் செய்யாது என்பது அவற்றின் சாரம். எடின்பரோவில் பி. ஜி. டெய்ட் பெட்டியிலிருந்து புகை வளையங்களை விட்டுக் காட்டியதைப் பார்த்த வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1867-இல் அணுக்களே ஈதரில் முடிச்சிட்ட சுழல் வளையங்கள் என்று ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அணுக் கோட்பாடாக அது நிற்கவில்லை. ஆனால் வளையம் நகரும் வேகத்துக்கு அவர் தந்த வாய்பாடு இன்றும் பயன்படுகிறது. சுழற்சியின் மொத்த வலுவைச் சுற்றோட்டம் என்பர். சுற்றோட்டம் மிகுந்தால் வளையம் வேகமாகப் போகும், விட்டம் பெருத்தால் மெதுவாகும், வடையின் உடல் போன்ற உட்கரு மெலிந்தால் சற்றே விரையும் என்பது அந்த வாய்பாடு சொல்வது.

குழாயின் வாயில் வளையம் பிறக்கும் விதத்தை 1952-இல் எல்டரும் டி ஹாஸும் அதிர்ச்சிக் குழாயில் படமெடுத்து விளக்கினர். தட்டையாக வந்த அதிர்ச்சி அலை வாயைத் தாண்டியதும் அரைக்கோளமாக விரிந்து, விரியும்போதே வலுவிழக்கிறது. அதன் பின்னே பாயும் காற்று குழாயின் விளிம்பில் திரும்ப முடியாமல் பிரிந்து, நிற்கும் காற்றை உரசி, அந்த உரசல் படலம் சுருண்டு வளையமாகிறது. 2004-இல் ஜெய்வந்த் அரகேரி, தேபோபம் தாஸ் ஆகியோர் அமெரிக்க ஆய்வாளர்களான குரோத்தபள்ளி, லூரென்சோ ஆகியோருடன் சேர்ந்து இதை அளந்தனர். காற்றில் நுண்துகள்களைத் தூவி, லேசர் ஒளியை அடுத்தடுத்துப் பாய்ச்சி எடுத்த படங்களிலிருந்து ஒவ்வொரு புள்ளியிலும் வேகத்தைக் கணிக்கும் முறை அது. மாக் 1.1, 1.2, 1.3 ஆகிய மூன்று நிலைகளில் அவர்கள் கண்டவை தெளிவானவை. அதிர்ச்சி அலையின் பின்னால் ஓடும் காற்று, குழாய் விட்டத்தைப் போல் இருமடங்கு தூரம் செல்லும் நேரத்துக்குள் வளையம் உருவாகி முடிந்துவிடுகிறது. அப்போது வளையத்தின் வேகம், அந்தக் காற்றோட்ட வேகத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு. இன்னொன்றும் அவர்கள் கவனித்தனர். வாயில் வெளியேறும் காற்றின் வேகம் தொடக்க அளவைப் போல் இரட்டிப்பாகி, பிறகே மெல்லத் தணிகிறது. உந்துதண்டால் நீரைத் தள்ளி உருவாக்கும் வளையத்தில் இப்படி நடப்பதில்லை.

இந்த அளவீட்டை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயிலிருந்து மாக் 1.2 அலை வெளிவருவதாகக் கொண்டால், அலை வாயைக் கடக்கும்போது நொடிக்கு 412 மீட்டர் வேகம். பின்னால் ஓடும் காற்று நொடிக்கு ஏறத்தாழ 105 மீட்டர். வளையம் உருவாக ஆகும் நேரம் ஒரு மில்லிநொடிக்குச் சற்றே குறைவு. பிறந்த வளையம் நொடிக்கு 73 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அதற்குள் அதிர்ச்சி அலை ஓர் அடிக்கும் மேல் முன்னே போய்விட்டிருக்கும். பத்தில் ஒரு நொடி கழித்து அலை முப்பது மீட்டருக்கு அப்பால். வளையம் சில மீட்டர் தூரத்தில். இது காற்று நிரம்பிய குழாய்க்கான கணக்கு. வேட்டுக் குழாயில் வெளிவருவது சூடான மருந்துப் புகை. எண்கள் மாறும், வரிசை மாறாது. கூடப் பிறந்தவை என்றாலும் இவை தாமாகச் சந்திப்பதில்லை. சந்திக்க வேண்டுமானால் போன அலை ஏதாவது சுவரில் மோதித் திரும்ப வேண்டும், அல்லது இரண்டாவது அலை ஒன்று வர வேண்டும், அல்லது அலை ஓரிடத்தில் நின்றுகொண்டு வளையங்களைத் தன்னைக் கடந்துபோக விட வேண்டும். மூன்றும் நடப்பவைதாம்.

மலைச்சரிவில் போடும் வேட்டில் முதல் வகைக்கு வாய்ப்பு இருப்பதுபோல் தோன்றும். ஆகாய கங்கை விழும் பள்ளத்தாக்கு போன்ற பாறைச் சுவர்களில் ஒலி மோதித் திரும்புவது உண்மை. ஆனால் விரியும் அதிர்ச்சி அலையின் வலு, தூரம் இரட்டிக்கும்போது பாதிக்கும் கீழே குறைகிறது. சில பத்து மீட்டர் போவதற்குள் அது சாதாரண ஒலியாகிவிடும். முப்பத்து நான்கு மீட்டர் தொலைவிலுள்ள பாறையில் மோதி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பும் எதிரொலி, புகை வளையத்தைக் கடக்கும்போது சிறிதே சிதறுமே தவிர வளையத்தை அசைக்காது. வலுவான சந்திப்பு வேண்டுமென்றால் சுவர் குழாயின் வாய்க்கு மிக அருகில் இருக்க வேண்டும், அல்லது இன்னொரு அதிர்ச்சிக் குழாய் வேண்டும். ஆய்வகங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

சந்திப்பைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விதி போதும். அதிர்ச்சி அலை, தான் செல்லும் காற்றைப் பொறுத்துத்தான் வேகம் கொள்கிறது. காற்று எதிர்த்து வந்தால் அலை பின்தங்கும். காற்று கூடவே ஓடினால் முந்தும். வளையமோ துளைக்குள் ஒரு திசையிலும் வெளியே எதிர்த்திசையிலும் காற்றை ஓட்டிக்கொண்டிருப்பது. ஆகவே தட்டையாக வந்த அலை வளையத்தைத் தொட்டதும் தட்டையாக இருக்க முடியாது.

வளையம் கிழக்கே போகிறது, அலை எதிரே மேற்கு நோக்கி வருகிறது என்று கொள்வோம். துளைக்குள் காற்று கிழக்கே பாய்வதால் அலையின் நடுப்பகுதி தடைபட்டுப் பின்தங்குகிறது. வளையத்துக்கு வெளியே காற்று மேற்கே ஓடுவதால் ஓரப்பகுதி முந்துகிறது. அலைமுகம் கிண்ணம்போல் குழிந்துவிடும். குழிந்த அலைமுகத்தின் ஒவ்வொரு பகுதியும் தன் முகம் நோக்கும் திசையிலேயே செல்வதால், எல்லாப் பகுதிகளும் அச்சை நோக்கித் திரும்பி அங்கே வந்து குவிகின்றன. அச்சின்மேல் ஒரு சிறு இடத்தில் அழுத்தம், வந்த அலையின் அழுத்தத்தையும் மிஞ்சி உயர்கிறது. 1990-களில் ஜப்பானில் மினோட்டாவும், கம்பே, தகயாமா, இஷி ஆகியோர் அடங்கிய குழுவினரும் இந்த மோதலை ஆராய்ந்தனர். சுழலால் சிதறிய அலை தன்னைத்தானே வலுவாக்கிக்கொள்ளும் இந்தக் குணத்தை அவர்கள் எடுத்துக்காட்டினர். எதிரே வரும் சுழல் அலையைத் தடுத்து வலுக்குறைக்கும் என்றே முதலில் தோன்றும். நடப்பது அதற்கு நேர்மாறு. வளையம் ஒரு குவி வில்லையாக வேலை செய்கிறது. இந்தத் துறையின் மிக அழகிய முடிவு இதுவே எனலாம்.

அலை பின்னாலிருந்து வந்து வளையத்தைத் தாண்டும்போது குணம் தலைகீழாகும். துளைக்குள் ஓடும் காற்று அலையை இழுத்துக்கொண்டு போவதால் நடுப்பகுதி முன்னே புடைத்து, அச்சில் விரிந்து மெலியும். ஒரே வளையம் ஒரு திசையில் வரும் அலைக்குக் குவி வில்லை, மறுதிசையில் வரும் அலைக்கு விரி வில்லை. கண்ணாடி வில்லையில் இது நடவாது. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் குவி வில்லை குவிக்கவே செய்யும். ஓடும் பாய்மத்துக்குத் திசை உண்டு என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

மூன்றாவது, பக்கவாட்டில் வரும் அலை. அப்போது அது வளையத்தின் ஒரு பக்கத்து உட்கருவை முதலிலும் மறுபக்கத்து உட்கருவைப் பிறகும் வெட்டிச் செல்கிறது. ஒவ்வொரு உட்கருவிலும் ஒரு பாதி அலையை முந்தவைத்து, மறுபாதி பிந்தவைப்பதால் அலைமுகம் முறுக்கிக்கொள்கிறது. சுழல் மெலிதாக இருந்தால் இந்த முறுக்கல் சிறு நெளிவோடு நின்றுவிடும். சுழல் வலுவாக இருந்தால் முந்திய பகுதியும் பிந்திய பகுதியும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, வெட்டும் இடத்திலிருந்து புதிய அதிர்ச்சி அலைகள் கிளைக்கின்றன. மூன்று அலைகள் ஒரு புள்ளியில் கூடும் இந்த அமைப்பை மாக் 1870-களிலேயே வேறொரு சோதனையில் கண்டிருந்தார். அதனால் அது மாக் எதிரொளிப்பு எனப்படுகிறது. நேர்ச் சுழலுக்கும் அதிர்ச்சி அலைக்கும் நடக்கும் மோதலை 1950-களின் நடுவில் இங்கிலாந்தில் ஹாலிங்ஸ்வொர்த்தும் ரிச்சர்ட்ஸும் ஷ்லீரன் படங்களில் பதிந்தனர். 1965-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தர்ஷன் தோசாஞ்சும் வீக்ஸும் அதை விரிவாக அளந்தனர். வளையத்தின் கதை அந்த நேர்ச் சுழலின் கதையை வட்டமாக வளைத்து எழுதியதுதான். ஆனால் அப்படி வளைத்ததால்தான் குவிதல் கிடைத்தது.

அலைக்கு நேர்வது இவ்வளவு. வளையத்துக்கு நேர்வது வேறு. அலை கடந்ததும் காற்று அடர்த்தியாகிறது, மாக் 1.3 அலையில் 1.5 மடங்கு. நெருக்கல் அலை செல்லும் திசையில் மட்டுமே நடப்பதால், வளையத்தின் விட்டம் உடனே மாறுவதில்லை. வட்டமாக இருந்த உட்கருவின் குறுக்குவெட்டு அச்சுத் திசையில் மூன்றில் இரண்டு பங்காக நசுங்கி நீள்வட்டமாகிறது. அதே சுற்றோட்டம் சிறிய இடத்துக்குள் அடைபடுவதால் சுழற்சியின் செறிவு, அடர்த்தி கூடிய அதே விகிதத்தில் கூடுகிறது. மொத்தச் சுற்றோட்டம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. கூடவே, அலைக்குப் பின்னால் ஓடும் காற்று வளையத்தை அள்ளிக்கொண்டு போகிறது. நொடிக்கு நாற்பது மீட்டர் வேகத்தில் எதிரே வந்த வளையத்தை மாக் 1.3 அலை கடந்தால், அது இருந்த இடத்தைத் தாண்டிப் பின்னோக்கி அடித்துச் செல்லப்படும். ஆயினும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து அது இன்னும் முன்னேயே நகர்ந்துகொண்டிருக்கும்.

நசுங்கிய உட்கரு அப்படியே நிற்பதில்லை. நீள்வட்டம் சுழன்றுகொண்டே மீண்டும் வட்டத்தை நோக்கித் திரும்ப முயல்கிறது; அந்தத் தடுமாற்றம் ஒலியாகக் கசிகிறது. சுழல் வளையத்துக்கு இயல்பிலேயே ஒரு பலவீனமும் உண்டு. அதன் சுற்றளவு நெடுக அலையலையாக நெளிவுகள் எழுந்து வளரும். 1974-இல் ஷீலா விட்னாலும் உடனாய்வாளர்களும் இதை விளக்கினர். அலை வலுவாக இருக்கும்போது அது தரும் உலுக்கல் இந்த நெளிவுகளைத் தூண்டிவிட, வளையம் கொந்தளிப்பாக உடைந்து சிதறும்.

இந்த மோதலில் பிறக்கும் ஒலியே பொறியாளர்களுக்கு மிக முக்கியமானது. ஹெர்பர்ட் ரிப்னர் 1950-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் இதைக் கணித்தார். சுழலைக் கடந்த அலை, சுழலைச் சுற்றி விரியும் ஓர் உருளை ஒலி அலையை விட்டுச் செல்கிறது. அந்த ஒலியில் அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியாக இருப்பதில்லை. நான்கு பக்கங்களாகப் பிரிந்து, ஒரு பக்கம் அமுக்கம், அடுத்த பக்கம் தளர்ச்சி என்று மாறி மாறி வரும். 1999-இல் இனோவும் ஹத்தோரியும் கணினியில் முழுச் சமன்பாடுகளைத் தீர்த்துக் காட்டியதில், முதல் ஒலியின் பின்னே அதற்கு எதிர்க்குறியுள்ள இரண்டாவது ஒலி தொடர்வது தெரிந்தது. சுழல் வலுவாக இருந்தால் ஒலிகள் அடுத்தடுத்துப் பிறந்துகொண்டே இருக்கும்.

அலை நின்ற இடத்தில் நிற்க வளையங்கள் அதைக் கடந்துபோகும் மூன்றாவது வகை, ஒலியைவிட வேகமாகப் பீறிடும் ஜெட்டுகளில் நடக்கிறது. போர் விமானத்தின் வாலிலும் ராக்கெட்டின் வாயிலும் வெளியேறும் வாயு, சுற்றுக் காற்றின் அழுத்தத்தோடு ஒத்துப்போகாதபோது, ஜெட்டுக்குள் வைர வடிவ அதிர்ச்சி அமைப்புகள் வரிசையாக நின்றுவிடும். ஜெட்டின் ஓரப் படலமோ சுருண்டு சுருண்டு வளையங்களாக ஓட்டத்தின் போக்கில் ஓடும். ஒவ்வொரு வளையமும் ஒவ்வொரு அதிர்ச்சி முனையைக் கடக்கும்போது ஒலி எழுகிறது. அந்த ஒலி ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி வந்து ஜெட்டின் வாய் விளிம்பைத் தட்ட, அங்கே அடுத்த வளையம் அதே தாளத்தில் பிறக்கிறது. இப்படித் தன்னைத்தானே ஊட்டி வளர்க்கும் கிறீச்சொலியை 1953-இல் ஆலன் பவல் விளக்கினார். விமானத்தின் வால் தகடுகளைக் களைப்புறச் செய்து விரிசல் விழவைக்கும் அளவுக்கு இந்த ஒலிக்கு வலு உண்டு. குழாய் வாயில் சிறு பற்களைப் பொருத்தி வளையங்களின் ஒழுங்கைக் கலைத்தால் கிறீச்சொலி அடங்கிவிடும். காரணம் அதிர்ச்சி அலையும் சுழலும் தாளம் தவறாமல் சந்திப்பதில்தான் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

வேட்டு இன்னும் வலுவானால் பிரிந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று குடிபுகும். குழாய்க்குள் அலையின் மாக் எண் ஏறத்தாழ 1.4-ஐத் தாண்டும்போது, வளையத்தின் துளைக்குள் பாயும் காற்று ஒலியை மிஞ்சிய வேகம் பெற்று, வளையத்துக்குள்ளேயே ஓர் அதிர்ச்சி அலை நின்றுவிடுகிறது. வளையம் அதைச் சுமந்துகொண்டே நகர்கிறது. ஏறத்தாழ 1.6-ஐத் தாண்டினால் முதல் வளையத்துக்கு முன்னால், எதிர்த்திசையில் சுழலும் இரண்டாவது வளையம் தோன்றுகிறது. 1997-இல் கனடாவில் புரூயெட்டும் எபேரும் இந்த மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டினர். எதிர்ச்சுழல் வளையம் எப்படிப் பிறந்து எப்படி முதல் வளையத்தோடு பிணைகிறது என்பதைக் கான்பூர் ஐஐடியில் முருகனும் தேபோபம் தாஸும் புகைப்படங்களால் விரிவாக ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டனர்.

ஹெல்ம்ஹோல்ட்ஸின் விதிப்படி சுழல் புதிதாகப் பிறக்காது. அந்த விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. அழுத்தம் கூடும் திசையும் அடர்த்தி கூடும் திசையும் ஒன்றோடொன்று சாய்ந்திருந்தால், கனமான பாய்மம் மெதுவாகவும் இலேசான பாய்மம் வேகமாகவும் தள்ளப்பட்டு, இரண்டுக்கும் நடுவே சுழல் பிறக்கும். அதிர்ச்சி அலை ஒரு ஹீலியம் குமிழைக் கடக்கும்போது நடப்பது இதுதான். 1987-இல் கால்டெக்கில் ஹாஸும் ஸ்டர்ட்டெவன்ட்டும் எடுத்த படங்களில், குமிழின் பின்புறம் உள்நோக்கிக் குழிந்து, துளைத்துக்கொண்டு, கோளமாக இருந்த ஹீலியம் சுழல் வளையமாக மாறிவிடுகிறது. இங்கே அலை வளையத்தைச் சந்திக்கவில்லை, வளையத்தை உண்டாக்குகிறது. அடுத்து ஒரு அலை வந்தால் அதே வளையத்தைச் சந்திக்கும்.

எரிபொருளும் காற்றும் மில்லிநொடிகளுக்குள் கலந்தாக வேண்டிய ஸ்கிராம்ஜெட் எஞ்சினில் இந்தக் குணத்துக்குப் பெரும் மதிப்பு. எஞ்சினுக்குள் ஒலியைவிட வேகமாக ஓடும் காற்றில் ஹைட்ரஜனைச் செலுத்தி, அதன்மேல் அதிர்ச்சி அலை படுமாறு செய்தால், பிறக்கும் சுழல்கள் இரண்டையும் கலக்கிவிடும் என்று ஃபிராங்க் மார்பிள் 1980-களில் முன்மொழிந்தார். இந்தியாவின் முதல் ஸ்கிராம்ஜெட் எஞ்சின் சோதனையை இஸ்ரோ 2016 ஆகஸ்ட் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நடத்தியது.

நீரிலும் இதே நாடகம், இன்னும் சிறிய அளவில். சிறுநீரகக் கல்லை உடலுக்கு வெளியிலிருந்து அதிர்ச்சி அலையால் உடைக்கும் சிகிச்சை முதன்முதலில் 1980-இல் மியூனிக்கில் செய்யப்பட்டது. குவிக்கப்பட்ட அலை கல்லின் அருகே நுண்குமிழ்களை எழுப்புகிறது. குமிழ் சுருங்கி மடியும்போது கல்லின் பக்கம் உள்ள நீர் தடைபடுவதால், எதிர்ப்பக்கத்து நீர் ஊசிபோல் குமிழைத் துளைத்துக் கல்லின்மேல் பாய்கிறது. துளைபட்ட குமிழ் வளையமாகிறது. அந்த வளையம் மடியும்போது தன் பங்குக்குப் புதிய அதிர்ச்சி அலையை விடுகிறது. கல் தேய்வதில் இந்தக் குமிழ்களுக்குக் கணிசமான பங்கு உண்டு. அலைத் துடிப்புகளை மிக நெருக்கமாக விடாமல் இடைவெளி தர வேண்டியிருப்பதும் இவற்றால்தான். முந்தைய குமிழ்கள் கரையாமல் நின்றால் அடுத்த அலையைச் சிதறடித்துவிடும்.

அதிர்ச்சி அலையையும் சுழல் வளையத்தையும் சேர்த்து வானத்தை நோக்கிச் சுட்ட வரலாறும் உண்டு. மிளகும் காப்பியும் அன்னாசியும் வாழையும் விளையும் கொல்லிமலை போன்ற மலைநாட்டு உழவர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது. ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலத்தில், இன்று ஸ்லோவேனியாவில் உள்ள விண்டிஷ்-ஃபைஸ்ட்ரிட்ஸ் நகரின் தலைவர் ஆல்பர்ட் ஸ்டைகர், ஆலங்கட்டி மழையிலிருந்து திராட்சைத் தோட்டங்களைக் காக்க 1896-இல் புனல் வாய் கொண்ட செங்குத்துப் பீரங்கிகளை நிறுவினார். அவை சுட்டபோது சீழ்க்கை ஒலியோடு புகை வளையம் சில நூறு மீட்டர் உயரம் ஏறியது. முதல் ஆண்டுகளில் ஆலங்கட்டி குறைந்ததாகத் தோன்றவே, 1900-க்குள் வட இத்தாலியில் மட்டும் ஆயிரக்கணக்கான பீரங்கிகள் முளைத்தன. ஆனால் ஆலங்கட்டி உருவாகும் இடம் பல கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. வளையம் அதன் அடிவாரத்தைக்கூட எட்டவில்லை. அதிர்ச்சி அலையோ அந்த உயரத்தை அடையும்போது வெறும் ஒலி. இடிமேகத்துக்குள்ளேயே மின்னல் ஏறத்தாழ 30,000 டிகிரி வரை காற்றைச் சூடேற்றி, எந்தப் பீரங்கியும் தர முடியாத அதிர்ச்சி அலையை மேகத்தின் நடுவில் எழுப்புகிறது. அந்த மேகத்திலிருந்துதான் ஆலங்கட்டி விழுகிறது. ஆஸ்திரிய, இத்தாலிய அரசுகள் 1902 முதல் 1904 வரை நடத்திய சோதனைகளில் பீரங்கி வைத்த நிலங்களிலும் ஆலங்கட்டி கொட்டியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பீரங்கிகள் கைவிடப்பட்டன. அசிட்டிலீன் வாயுவில் இயங்கும் புதிய வகைகள் பிற்காலத்தில் மீண்டும் சந்தைக்கு வந்தன. அவற்றுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதே உலக வானிலை அமைப்பின் நிலைப்பாடு.